நிதானம் சாரின் அவசரம்

"சார், வலது பக்க இண்டிகேட்டர் கொஞ்சம் மெதுவா மினுக்குற மாதிரி ஒரு சந்தேகம்," என்றார் டிரைவர், ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு.

முன் சீட்டில் இருந்தவருக்குச் சுருக்கென்றது. "மினுக்குதா இல்லையா?"

"மினுக்குது சார். ஆனா அதுல ஒரு சோர்வு தெரியுது."

"பட்டப்பகல்ல அதுக்கு என்னய்யா சோர்வு? வண்டியை எடுங்க."

"மெக்கானிக் வந்து பார்க்கட்டும் சார். சந்தேகம்னா சந்தேகம்தான்."

அந்தக் கடைசி வாக்கியம் முன் சீட்டுக்காரரின் சொந்த வாக்கியம். பஸ் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் அவர் பாதுகாப்புப் பயிற்சியாளர். ஊர் ஊராகப் போய் டிரைவர்களுக்கும் கண்டக்டர்களுக்கும் வகுப்பு எடுப்பார். மூச்சுக்கு மூச்சு நிதானம், நிதானம் என்பதால், முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் அவர் நிதானம் சார். இந்த வாரம் முழுக்க, இதே சாலையில் இருக்கும் அத்தனை டிப்போ ஆட்களையும் ஒரு ஹாலில் உட்கார வைத்து, சந்தேகம் வந்தால் வண்டியை நகர்த்தாதே, யார் அவசரப்படுத்தினாலும் அசையாதே என்று தொண்டை கட்டச் சொல்லிக் கொடுத்திருந்தார். யாராவது காதில் வாங்குவார்கள் என்ற நம்பிக்கை அவருக்குக் கிடையாது. இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் வாங்கியதில்லை. இன்றைக்குப் பார்த்து வாங்கித் தொலைத்திருக்கிறார்கள்.

இன்று மாலை அவர் மனைவிக்குப் பணி ஓய்வு விழா. அந்த அம்மாள் பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். மகள் பிறந்தபோது இவர் வகுப்பில் இருந்தார். புது வீட்டுக்குக் குடிபோனபோது வகுப்பில் இருந்தார். சிறந்த நர்ஸ் என்று மனைவிக்கு மேடையில் பரிசு கொடுத்தபோது, வேறு ஊரில் டயர் தேய்மானத்தைப் பற்றி உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தார். இந்த முறை கிளம்பும்போது அந்த அம்மாள் குரலை உயர்த்தாமல், ஊசி போடுவதற்கு முன் பேசுகிற அதே தொனியில் சொல்லியிருந்தார்.

"முன் வரிசையில உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டு வைக்கறேன். அது காலியா இருந்தா வீட்டுக்கு வரவேண்டாம். வகுப்புலயே குடித்தனம் பண்ணிக்குங்க."

அவருக்குப் பயம்தான். ஆனால் பயத்தைவிட, அந்த நாற்காலியில் உட்கார்ந்து கை தட்ட வேண்டும் என்ற ஆசை பெரிதாக இருந்தது. அதற்காகவே கடைசி நாளான இன்றைய அரை நாளை வெட்டிவிட்டு, நேற்றோடு வகுப்பை முடித்து எல்லோரையும் அனுப்பியிருந்தார். நேற்றே கிளம்பியிருக்கலாம். ஆனால் தூரப் பயணத்தை இரவில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அவர் வகுப்பில் சொல்லும் விதி.

மெக்கானிக் வருகிற வழியாக இல்லை. டிரைவர் என்னவோ சாதித்துவிட்டவர் மாதிரி கண்டக்டரைப் பார்த்துச் சிரித்தார். நிதானம் சாருக்கு உடம்பு பற்றி எரிந்தது. பையை எடுத்துக்கொண்டு இறங்கி, முன்னால் கிளம்பத் தயாராக நின்ற இன்னொரு பஸ்ஸில் ஏறினார்.

அதில் சீட் இல்லை. டிரைவருக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெண் கண்டக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். இவரும் வகுப்பில் இருந்தவர்தான்.

"சார், மஞ்சள் கோட்டுக்குப் பின்னால நில்லுங்க."

"பின்னால எங்கம்மா இடம்?"

"அப்ப வண்டி நகராது சார்."

"ஒரு பத்து நிமிஷம் நிக்கறேன். அடுத்த ஸ்டாப்ல யாராவது இறங்குவாங்க."

"பத்து நிமிஷம்தானேன்னு எல்லாரும் சொல்வாங்கன்னு நீங்கதானே சார் சொன்னீங்க."

கோட்டைத் தாண்டி ஆள் நின்றால் வண்டியை எடுக்கக் கூடாது. அந்தக் கோட்டைப் போட வைத்ததே அவர்தான். மேலதிகாரிகளோடு மல்லுக்கட்டி, பகைத்துக்கொண்டு, கடைசியில் எல்லா பஸ்ஸிலும் மஞ்சள் பெயிண்ட் அடிக்க வைத்தார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைக் கம்பெனிக் காசில் செய்திருந்தார்.

"பெரியவரே, இறங்கித் தொலைங்க. உங்க ஒருத்தரால அத்தனை பேரும் வெயில்ல வேகறோம்," என்றார் காய்கறிக் கூடையோடு இருந்த ஒரு அம்மாள்.

இறங்கினார். கால் தரையில் பட்டதும் அந்த பஸ் ஜம்மென்று கிளம்பிப் போய்விட்டது. திரும்பிப் பார்த்தார். இண்டிகேட்டர் சோர்ந்து போயிருந்த முதல் பஸ்ஸும் மெக்கானிக் யாரும் வராமலே புறப்பட்டு, அவரைத் தாண்டிப் போயிற்று. டிரைவர் ஜன்னல் வழியாக ஒரு வணக்கம் வேறு போட்டார்.

போன் அடித்தது.

"எங்க இருக்கீங்க?" என்றார் மனைவி.

"வந்துட்டே இருக்கேன்."

"வந்துட்டே இருக்கீங்கன்னா, வண்டிக்குள்ளயா வெளியேவா?"

நோயாளிகள் மாத்திரையைத் துப்பிவிட்டு விழுங்கினேன் என்று சொன்னதை ஆயுள் முழுக்கக் கேட்டவர் அவர். அவரிடம் பொய் செல்லாது. "வெளிய," என்று ஒப்புக்கொண்டார் நிதானம் சார்.

ஒரு ஆட்டோவைப் பிடித்து, கேட்ட பணத்தைக் கொடுத்து, நடுவழியில் இருக்கும் பெரிய டிப்போவுக்கு ஓட்டச் சொன்னார். அங்கே இன்ஜின் உறுமியபடி ஒரு பஸ் வாசலிலேயே நின்றது. உச்சி குளிர்ந்துபோய் ஓடினார். கூண்டுக்குள் இருந்த டைம் கீப்பர் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்று விசில் ஊதினார். இன்ஜின் அணைந்தது.

"எல்லா வண்டியையும் நிறுத்துங்கப்பா. டயர் ஒவ்வொண்ணாப் பாருங்க. நிதானமா பாருங்க."

"யோவ், இப்பத்தானே கிளம்பத் தயாரா இருந்துது?"

"இருந்துது சார். இப்ப சந்தேகம் வந்துடுச்சு."

"என்னைப் பார்த்தா வருதா சந்தேகம்?"

டைம் கீப்பர் விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டார். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். பயணிகள் ஒவ்வொருவராக இறங்கி, நிழல் தேடி முணுமுணுக்க ஆரம்பித்தார்கள்.

"எவனோ டிரெயினிங் குடுக்கறேன்னு வந்து இவங்க மூளையைக் குழப்பிட்டுப் போயிருக்கான். அவன் மட்டும் கையில கிடைக்கட்டும்," என்றார் மீசைக்காரர் ஒருவர். "நீங்க என்ன சார் சொல்றீங்க?"

"ஆமா. எவனோ," என்றார் நிதானம் சார்.

அதற்கு மேல் அவருக்குப் பொறுக்கவில்லை. கூண்டின் பலகையை ஓங்கித் தட்டினார். "நான் தலைமை அலுவலகம். இது உத்தரவு. இந்த வண்டி இப்பவே கிளம்பணும். இல்லன்னா உன்னை வேலையை விட்டே தூக்கிடுவேன்."

டைம் கீப்பர் சல்யூட் அடித்தார். "உத்தரவு போடறவர் பதட்டமா இருந்தா, உத்தரவை ரெண்டு தடவை யோசிக்கணும்னு வகுப்புல சொன்னீங்க சார். நான் யோசிச்சுட்டே இருக்கேன்."

கரடியாய்க் கத்தியும் பயனில்லை. நிதானம் சார் தணிந்தார். பயிற்சியாளர் வேலைக்கு வந்த நாளிலிருந்து யாரிடமும் கெஞ்சியதில்லை, அதையும் செய்தார்.

"தம்பி, என் பொண்டாட்டிக்கு இன்னைக்கு ரிட்டயர்மென்ட் ஃபங்ஷன். ஆயுசு முழுக்க ஒரு நல்ல காரியத்துக்கும் நான் கூட நின்னதில்ல. இதுக்காவது போகணும்பா. அவ தனியா மேடையில நிப்பா." சொல்லச் சொல்லக் குரல் உடைந்தது. வெட்கத்தை விட்டுக் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

டைம் கீப்பருக்கும் கண் கலங்கியது. "எப்படி சார் இப்படிப் பேசறீங்க? ஒரு நிமிஷம் நானே விழுந்துட்டேன்," என்றார் மரியாதையோடு. பிறகு உள்பக்கம் திரும்பி, "ஆறு டயரும் முடிஞ்சா ஸ்டெப்னியையும் பாருங்கப்பா," என்றார்.

வெயில் சாய்ந்தபிறகு பஸ்ஸை விட்டார்கள். விட்டதற்கு விடாமலே இருந்திருக்கலாம். வேகத்தடைக்கு வேகத்தடை நின்றது. பள்ளம் வந்தால் கண்டக்டர் இறங்கிப் போய் அதன் ஆழத்தைப் பார்த்துவிட்டு வந்தார். சைக்கிள்காரர்கள் முந்திக்கொண்டு போனார்கள். நிதானம் சார் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவர்களுக்குத் தன்மேல் என்ன வன்மம், தான் என்ன கெடுதல் செய்தோம் என்று திரும்பத் திரும்ப யோசித்துப் பார்த்தார்.

ஊர் எல்லையில் பாலத்துக்கு முன்னால் பஸ் மறுபடி நின்றபோது, போன் வந்தது. பின்னணியில் கூட்டத்தின் சலசலப்பு கேட்டது.

"எல்லாரும் பேசி முடிச்சாச்சு. இப்ப நான் பேசணும்," என்றார் மனைவி. "உங்க நாற்காலியில டாக்டரம்மாவோட கைப்பை உட்கார்ந்திருக்கு."

"நான் என்ன பண்ணட்டும்? காலையிலேர்ந்து ஒரு வண்டியும் ஓடல. எல்லாம் கூட்டுச் சதி."

"இல்ல, இன்னொரு வகுப்பு எடுத்துட்டு இருக்கீங்க."

"சத்தியமா பஸ்ல இருக்கேன்."

"சரி. யாரால இப்படி ஆச்சுன்னு எனக்கு இப்பவே தெரியணும். இந்த ஹால்ல எல்லாரும் என்கிட்ட உங்களைத்தான் கேட்கறாங்க. போனை மைக்கிட்ட வைக்கறேன். நீங்க சொல்லவேண்டாம், அந்த வண்டி கண்டக்டரையே சொல்லச் சொல்லுங்க."

நிதானம் சாருக்குத் தெம்பு வந்துவிட்டது. உண்மை ஊருக்கே கேட்கட்டும். ஸ்பீக்கரைப் போட்டுப் போனைக் கண்டக்டரின் முகத்துக்கு நேரே நீட்டினார். "சொல்லுங்க. இன்னைக்கு இத்தனை வண்டியும் ஏன் நின்னுச்சு, யார் காரணம்னு எங்க வீட்டு அம்மாகிட்ட ஒண்ணு விடாம சொல்லுங்க."

கண்டக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, போனருகே குனிந்து, பணிவாகச் சொன்னார்:

"வணக்கம்மா, சார் கடைசி நாள் பரீட்சையை வைக்காமலே எங்களை அனுப்பினப்பவே பரீட்சை வழியிலதான்னு எங்களுக்குப் புரிஞ்சுபோச்சு, சாரும் காலையிலேர்ந்து மிரட்டிப் பார்த்தாரு, அழுதுகூடப் பார்த்தாரு, ஒரு டிப்போவுலயும் ஒருத்தரும் அசையல, அதனால நாங்க பாஸா ஃபெயிலான்னு மட்டும் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கம்மா."