படகிலிருந்து நான் நீக்கிய நான்கு பேர்

எனக்கு எல்லாம் சரியாக இருக்க வேண்டும். இதை ஒரு நல்ல குணம் என்று ஐம்பது வயது வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன். என் உத்தியோகம் அப்படி. நான் சர்வேயர். எல்லைக் கல் ஒரு சாண் தள்ளி நின்றதற்காக அண்ணன் தம்பி ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருவர் போகாமல் இருந்ததைப் பார்த்தவன். அதனால் எங்கள் வீட்டில் செருப்புகள் ஒரே கோட்டில் நிற்கும். என் நாள்குறிப்பில், மழை பெய்தால் அது சாரலா தூறலா என்பதும் இருக்கும். (என் மனைவி ஸ்டெல்லா இந்தப் பழக்கத்துக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறாள். அச்சில் ஏற்ற முடியாது.)

இந்த நல்ல குணத்தால்தான் பாம்பனில் நான்கு பேரைப் படகிலிருந்து காணாமல் போகச் செய்தேன். படத்தில்தான். ஆனால் அன்று காலை படகு கட்டும் ஜெட்டியில் நின்றவர்களிடம் “படத்தில்தானே” என்று சொல்லியிருந்தால், என்னை நிஜமாகவே தண்ணீரில் இறக்கியிருப்பார்கள்.

எனக்குச் சொந்த ஊர் அபிராமம். வயல், கண்மாய், வாரச் சந்தை, இவைதான் எனக்குத் தெரிந்த உலகம். ஸ்டெல்லாவின் ஊர் பாம்பன். அவள் அண்ணன் அந்தோணி, எனக்கு மச்சான். அடுத்தவர் போட்டில் பல வருஷம் தொழிலுக்குப் போய், கடைசியில் கடன் வாங்கி ஒரு பழைய விசைப்படகைத் தனக்கென்று வாங்கினார். அந்த வீட்டில் எனக்கு ‘கரை மாப்பிள்ளை’ என்று பெயர். காரல் மீனைப் பார்த்து, “இது குட்டியா, இல்லை இவ்வளவுதான் வளருமா?” என்று கேட்டிருக்கிறேன். கட்டிப்போட்ட படகிலேயே வாந்தி எடுத்திருக்கிறேன். பெயர் சும்மா வரவில்லை.

மீன்பிடித் தடைக்காலத்தில் எல்லாப் படகுகளுக்கும் மராமத்து நடக்கும், வண்ணம் பூசுவார்கள். மச்சான் படகின் கேபின் பக்கவாட்டில் ஒரு படம் போட ஆசைப்பட்டார். படம் போடுகிற பெயிண்டரோ ஊரில் உள்ள அத்தனை படகுக்கும் அட்வான்ஸ் வாங்கியிருந்தார்.

“தடைக்காலம் முடிஞ்சப்புறம் வாரேங்கான் மாப்ளே. அப்ப எதுக்கு? போட்டு கடல்ல இருக்கும், இவன் கரையில நின்னு டார்ச் அடிச்சா வரைவான்?” என்று மச்சான் அலுத்துக்கொண்டார்.

“விடுங்க மச்சான், நான் பார்த்துக்கறேன்” என்றேன்.

அந்த வீட்டில் நான் அந்த வாக்கியத்தைச் சொன்னது அதுதான் முதல் தடவை. கறி நறுக்கிக்கொண்டிருந்த ஸ்டெல்லா கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

என் தைரியத்துக்குக் காரணம் செல்போனில் இருந்த ஒரு ஏஐ செயலி. என்ன வேண்டும் என்று எழுதினால் போதும், படம் வரைந்து தரும். அதை வைத்து நான் தினமும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் படங்கள் போட்டுவந்தேன். பனித்துளியோடு ரோஜா, ரோஜாவோடு பனித்துளி. சொந்தக்காரர்கள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார்கள். அந்தக் கட்டைவிரல்களை நம்பி நான் கலைஞனாகிவிட்டேன்.

உட்கார்ந்து, படகின் நீளம், கேபின் எந்தப் பக்கம், கயிறு என்ன நிறம், கொடி எங்கே என்று நில ஆவணம் எழுதுவதுபோல் எழுதிக் கொடுத்தேன். முதலில் கேரளத்துச் சுற்றுலாப் படகு வந்தது. அடுத்து மாலுமிகள் தலைப்பாகை கட்டிய பாய்மரக் கப்பல். பொறுமையாகத் திருத்தினேன். கடைசியில் வந்தது பாருங்கள் ஒரு படம்! விடிகிற கடல், மச்சான் படகு, அதில் நான்கு பேர் வலை இழுக்கிறார்கள். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நான் விரல்களை எண்ணினேன்.

முதல் ஆளுக்கு ஒரு கையில் ஆறு விரல். “ஐந்தாக்கு” என்றேன். ஆக்கியது. ஆனால் அடுத்த ஆளுக்கு மூன்றாவது கை முளைத்தது. அதைச் சொன்னேன். அதை எடுத்துவிட்டு, மூன்றாவது ஆளின் காலை நான்காவது ஆளின் கைலிக்குள் கொண்டுபோய் விட்டது. நான் விடவில்லை. அதுவும் விடவில்லை. ஒவ்வொரு முறையும் மிக மரியாதையாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு புதிய தப்பைச் செய்தது. (எங்கள் ஆபீசில் இப்படி ஒருவர் இருந்தார். அவருக்கும் கடைசிவரை பதவி உயர்வு நிற்கவில்லை.) சலித்துப்போய் ஒரு வரி எழுதினேன்: “ஆட்களை எடுத்துவிடு.”

கண்மூடித் திறப்பதற்குள் நான்கு பேரும் இல்லை. கடல், வானம், படகு. எண்ணுவதற்கு ஒரு விரல்கூட இல்லாத, குற்றமே சொல்ல முடியாத படம். எனக்கு அப்படியொரு நிம்மதி.

யாரிடமும் காட்டவில்லை, அசத்த வேண்டும் என்று. ராமநாதபுரத்தில் பெரிய ஸ்டிக்கராக அடித்து, இருப்பதிலேயே உறுதியான பசையாகக் கேட்டு வாங்கி, தொழிலுக்கு இறங்குவதற்கு முந்தின நாள் ஆள் வைத்து ஒட்டி, மேலே ஒரு வேட்டியைக் கட்டி மறைத்தேன்.

மறுநாள் காலை ஜெட்டியில் நல்ல கூட்டம். ஐஸ் ஏற்றியாயிற்று, டீசல் ஏற்றியாயிற்று. பங்குச் சாமியார் வந்து மந்திரித்து, தண்ணீர் தெளித்தார். படகில் தொழிலுக்குப் போகிற டிரைவர் சூசை அண்ணன், முனியசாமி, காதர், சகாயம் ஆகிய நான்கு பேரும் படகின் ஓரத்தில் வரிசையாக நின்றார்கள். மச்சான் பெருமையோடு, “நம்ம மாப்ளை கம்ப்யூட்டர்ல செஞ்ச படம்” என்று அறிவித்து, என்னையே வேட்டியை இழுக்கச் சொன்னார்.

இழுத்தேன்.

கை தட்டுவார்கள் என்று காத்திருந்தேன். சூசை அண்ணனின் மனைவி ராணி அக்கா முன்னால் வந்து படத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார்.

“படம் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆளுகள எங்க?”

“ஆட்கள் இருந்தாங்க அக்கா. விரல் சரியா வரலை. ஒருத்தருக்கு ஆறு விரல். அதனால எடுத்துட்டேன்.”

“ஆறு வெரலு இருந்தாலும் அவுக இருந்திருப்பாகல்ல?” என்றார் ராணி அக்கா.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நடுக்கடலில் ஆளில்லாமல் நிற்கிற படகு என்றால் அந்தக் கரையில் ஒரே அர்த்தம்தான்: போனவர்கள் திரும்பவில்லை. அப்படி ஒரு படகு கட்டி இழுத்து வரப்படுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் அந்தக் கூட்டத்திலேயே இருந்தார்கள். அந்தக் காட்சியைத்தான் நான் புகைப்படத் தரத்தில், வண்ணத்தில், பசை போட்டு ஒட்டியிருந்தேன்.

முனியசாமி தன் சாப்பாட்டு வாளியை எடுத்துக்கொண்டு ஜெட்டியில் ஏறினான். ஒருவன் இறங்கினால் மற்றவர்களும் இறங்குவார்கள். எல்லாப் படகும் ஆள் பற்றாமல் இருந்த நேரம். பக்கத்துப் படகிலிருந்து, “ஏலே முனியா, இங்கன வாலே, எடமிருக்கு” என்று அப்போதே குரல் வந்துவிட்டது. தடை முடிந்து முதல் இறக்கத்துக்கே ஆளில்லாமல் கட்டிக் கிடந்தால் மச்சான் சொந்தப் படகு வாங்கியதற்கே அர்த்தமில்லை. அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

“மந்திரிச்சாச்சு, ஒண்ணும் ஆகாது, தைரியமாப் போங்க” என்றார் சாமியார்.

“அப்ப நீங்களும் வாறீகளா சாமி?” என்றார் ராணி அக்கா.

சாமியார் தன் பைக் நிறுத்தியிருந்த திசையைப் பார்த்தார்.

ஸ்டிக்கரைக் கிழித்துவிடலாம் என்று கத்தியோடு பாய்ந்தேன். நான்தான் உறுதியான பசை கேட்டவன் ஆயிற்றே. ஓர் ஓரம்கூடப் பெயரவில்லை. கத்தி வழுக்கி, படத்திலிருந்த படகின் அடிப்பக்கத்தைச் சுரண்டிவிட்டது. இப்போது படகில் ஆளும் இல்லை, அடியில் ஓட்டையும் இருந்தது.

“மாப்ளே” என்றார் மச்சான், மெதுவாக. “ஆளுகள எறக்குனது யாரு?”

“நான்தான் மச்சான்.”

“அப்ப நீங்களே ஏத்துங்க.”

நான் அவசரமாகப் போனை எடுத்தேன். ராணி அக்கா அதை வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். “இது எங்க வீட்டு ஆளப் பாத்துருக்கா? நீங்க பாத்துருக்கீகல்ல? வரைங்க.”

படகுக்கு நம்பர் எழுதி மிச்சமிருந்த கறுப்பு, கொஞ்சம் வெள்ளை, கொஞ்சம் சிவப்பு எனாமல் வந்தன. நுனி காய்ந்த பிரஷ் ஒன்றும் வந்தது. என் வாழ்நாளில் நான் நேர்கோடு தவிர வேறு எதையும் வரைந்ததில்லை. முதலில் சூசை அண்ணன். அகலமான ஒரு செவ்வகம், அதன்மேல் சின்ன செவ்வகம், கண்கள் இரண்டு. எல்லைக் கல்லுக்குச் சட்டை போட்டதுபோல் இருந்தது.

“இது யாரு?” என்று சூசை அண்ணன் கேட்டார்.

“நீங்கதாண்ணே.”

“என்னை ஏன் அமுக்கி வச்சிருக்கு?”

ராணி அக்கா குனிந்து பார்த்தார். “வயிறு மட்டும் அப்படியே இருக்கு” என்றார். முதல் சிரிப்பு அங்கே எழுந்தது.

காதர் கிட்டே வந்தார். “சார், எனக்குத் தாடி வைங்க. இல்லாட்டி எங்க வீட்டுல கண்டுபிடிக்க மாட்டாக.” வைத்தேன். பெயிண்ட் அதிகமாகி, நான் துடைப்பதற்குள் தாடி முழங்காலுக்கு ஒழுகிவிட்டது. “மாஷா அல்லாஹ், போதும், நிறுத்துங்க” என்றார் அவர். சகாயம், தன்னை எல்லோரையும்விட உயரமாகப் போடச் சொன்னான். போட்டேன். அவன் தலை சூரியனை மறைத்தது.

ஜெட்டியில் வாளியோடு நின்ற முனியசாமி இறங்கி வந்தான்.

“சார், இவுகளுக்கெல்லாம் வெரலே இல்லையே?”

உண்மை. எல்லாருடைய கையும் அகப்பை மாதிரி முடிந்திருந்தது. “விரல் மட்டும் என்னால முடியாதுப்பா” என்றேன்.

“வெரலில்லாம வலைய எப்படி இழுக்க?”

“நீ வெரலோட என்னத்த இழுத்த?” என்றார் சூசை அண்ணன். ஜெட்டியே சிரித்தது. பக்கத்துப் படகுக்காரர்களும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். முனியசாமி சிரிப்பை அடக்கிக்கொண்டு, “எனக்கு மீசைய முறுக்கி வைங்க சார். ஓட்டைக்கு மேல நிக்க வைங்க, நா அடைச்சுக்கிடுதேன்” என்றான். அப்படியே அவனை அந்தச் சுரண்டலின்மேல் நிறுத்தினேன். வாளி படகுக்குத் திரும்பியது.

அன்று கடைசியாக இறங்கிய படகு மச்சானுடையது. நான்கு பூதங்கள் பெயிண்ட் காயாமல் பளபளத்துக்கொண்டு போனதைக் கரையில் நின்று பார்த்தேன். மறுநாள் நால்வரும் திரும்பினார்கள். பிரமாதமான மீன்பாடு என்று சொல்ல முடியாது. நகரை, காரல், கொஞ்சம் நண்டு. ராணி அக்கா படத்தை ஒரு தடவை எண்ணி, ஆட்களை ஒரு தடவை எண்ணி, பிறகுதான் என் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

அதற்கப்புறம் குடும்பத்தில் யார் குரூப் போட்டோ எடுத்தாலும், “போனை மாப்ளைகிட்டக் குடுக்காதீக, ஆள எடுத்துருவாரு” என்று ஒரு குரல் வரும். அடுத்த தடைக்காலத்தில் பெயிண்டரே தேடி வந்து, இந்த அசிங்கத்தை மறைத்து நல்ல படம் போடுகிறேன் என்றார். படகில் இருப்பவர்கள் அவரைக் கேபின் பக்கமே விடவில்லை.

இப்போது என் பாடு என்னவென்றால், ஆள் மாறினால் எனக்குப் போன் வரும். சகாயம் குவைத்துக்குப் போய்விட்டான். அவனுக்குப் பதிலாகத் தொண்டியிலிருந்து வந்தவர், தன்னை வரையாமல் ஏறமாட்டேன் என்று நின்றார். நான், கணக்குச் சரியாக இருக்கட்டும் என்று, சகாயத்தை அழித்து அந்த இடத்தில் இவரைப் போடலாம் என்றேன். ராணி அக்கா போட்ட சத்தத்தில் பிரஷைக் கீழே போட்டுவிட்டேன். ஆகவே சகாயம் அங்கேயே நிற்கிறான். கையில் மட்டும் ஒரு பெட்டி கொடுத்து, தலைக்கு மேலே விமானம் ஒன்று வரைந்தேன். (காரல் மீன் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.)

அதை மச்சான் வீடியோ காலில் காட்டியபோது சகாயம் போனை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தான். அறைக்கூட்டாளிகளைக் கூப்பிட்டுக் காட்டினான். பிறகு சொன்னான்:

“சார், பெட்டி ரொம்பச் சிறுசா இருக்கு. ஊர்ல என்ன நெனைப்பாக?”

பெரிதாக்கித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.