சீட் பெல்ட் போட்ட ஃப்ரிட்ஜ்

ஐஸ் உருகுகிறதா என்று பார்க்க அரை மணிக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்தால், ஐஸ் உருகாமல் என்ன செய்யும்? லிஃப்ட் இன்ஸ்பெக்டருக்கு இது பதினோராவது முறை திறந்தபோதுதான் உறைத்தது. அதற்குள் புது ஐஸ் பெட்டியில் பாதி தண்ணீர். அதில் வெண்ணெய்ப் பொட்டலம் ஒன்று நிம்மதியாக மிதந்துகொண்டிருந்தது.

"என்னங்க, ஆராய்ச்சி முடிஞ்சுதா?" என்றாள் மனைவி.

"பெட்டி சரியில்ல. மூணு நாள் தாங்கும்னு போட்டிருக்கான். ஒரு நாள்கூடத் தாங்கல."

"திறக்காம இருந்தா தாங்கும்னு போட்டிருக்குப்பா," என்று அட்டையைப் படித்தாள் கல்லூரியில் படிக்கும் மகள்.

"திறக்காம, தாங்குதா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

கேட்டுக்கொண்டே பன்னிரண்டாவது முறையாகப் பெட்டியைத் திறந்தார்.

லிஃப்டில் எத்தனை பேர் ஏறலாம், எத்தனை கிலோ தாங்கும் என்று சோதித்துக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாக அந்தக் கையெழுத்தை நம்பி ஆயிரக்கணக்கானவர்கள் மேலே போய்க் கீழே வருகிறார்கள். வீட்டில் அவரை நம்பி ஒரு பால் பாக்கெட்டைக்கூட ஒப்படைக்க ஆளில்லை. காரணம், போன வருடம் ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கப் போனது. ஈரத் துண்டில் சுற்றினால் பால் கெடாது என்று அடித்துச் சொன்னவர் அவர்தான். போய்ச் சேருவதற்குள் பால் திரிந்து, பாக்கெட் உப்பி, மாமனாரின் காலடியில் வெடித்தது. அந்த வாசனை காரில் மழைக்காலம் வரை இருந்தது.

இந்த வருடப் பயணத்துக்கு இன்னும் மூன்று வாரம். பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த மனைவி, "இந்தத் தடவையும் பால் திரிஞ்சிடுமோ என்னவோ," என்று பெருமூச்சு விட்டாள். அவ்வளவுதான். மனிதர் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார். அப்படி வந்ததுதான் அந்த ஐஸ் பெட்டி.

ஐஸ் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கார் பேட்டரியில் செருகி ஓட்டும் குளிர்பெட்டி ஒன்றோடு வந்தார். இதையும் சோதிக்காமல் விடுவாரா? ஞாயிற்றுக்கிழமை காலையில் காரில் செருகி, உள்ளே பாலை வைத்து, கதவைச் சாத்தினார். தான் முன்னேறிவிட்டதை நிரூபிக்க, நாள் முழுக்க ஒருமுறைகூடத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை கார் கிளம்பவில்லை. பேட்டரியில் உயிர் இல்லை. பஸ் பிடித்து, வியர்த்து, ஒன்றரை மணி நேரம் தாமதமாக ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். சோதனைக்காக நிறுத்தி வைத்திருந்த லிஃப்டின் முன்னால் நாற்பது பேர் நின்றிருந்தார்கள். அத்தனை பேரும் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அந்தப் பால் இருந்திருந்தால் கொதித்திருக்கும்.

பாலோ கொதிக்கவும் இல்லை, குளிரவும் இல்லை. மாலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார்.

"சார், இது வெளிய இருக்கிற சூட்டைவிட ஒரு இருபது டிகிரி குறைக்கும். அவ்வளவுதான்," என்றார் விற்பனையாளர். "வெளிய நாப்பதுன்னா உள்ள இருபது."

"இருபது டிகிரியில பால் நிக்குமா?"

"பாலா நிக்காது சார். தயிரா நிக்கும்."

வீட்டுக்கு வந்து தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இன்னொரு பெட்டி என்று வாயெடுத்தால் மனைவி என்ன சொல்வாளோ? அவளோ காபியை நீட்டினாள்.

"சின்னதா வாங்கினதாலதான் இவ்வளவு பாடு. பெரிசா, நல்லதா ஒண்ணு வாங்கிடுங்களேன்."

இருபத்தைந்து வருடத் திருமண வாழ்க்கையில் அவர் விரும்பிய ஒரு பொருளை அவள் 'பெரிசா வாங்குங்க' என்று சொன்னது இதுதான் முதல் தடவை. காபி ஆறுவதற்குள் கடைக்குப் போன் போட்டுவிட்டார்.

மறுநாள் வந்து இறங்கியது அசல் ஃப்ரிட்ஜ். ஐம்பது லிட்டர், உள்ளே கம்ப்ரஸர், மூடிக்குப் பக்கத்தில் டிகிரி காட்டும் பச்சை எழுத்து. கார் பேட்டரி மறுபடியும் சாகாமல் இருக்க அதற்கென்று தனியாக ஒரு பேட்டரி. அதைத் தூக்கியபோதுதான் அவருடைய தொழில்புத்தி விழித்துக்கொண்டது. நோட்டை எடுத்தார். கூடாரம், பாய், பைகள், ஃப்ரிட்ஜ், பேட்டரி என்று எல்லாவற்றையும் குளியலறை எடை மெஷினில் நிறுத்துப் பார்த்தார். கடைசியில் மாமனாரிடம் வந்தார்.

"மாமா, ஒரு நிமிஷம் இதுல ஏறுங்க."

"என்னைக் கூட்டிட்டுப் போறதுக்கா, விக்கிறதுக்கா மாப்பிள்ளை?"

தொண்ணூற்று நான்கு. கார் தாங்கக்கூடிய எடையைவிட மொத்தத்தில் இருபத்தைந்து கிலோ அதிகம். லிஃப்டாக இருந்தால் 'ஒருத்தர் இறங்குங்க' என்று முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிடுவார். பெண் கொடுத்தவரிடம் அதை எப்படிச் சொல்வது? நோட்டில் இன்னொரு தடவை கூட்டிப் பார்த்தார்.

"அப்பாவை என் தம்பி வேன்ல வரச் சொல்லிடலாங்க," என்றாள் மனைவி. "அவனும் எங்கயாவது போகணும்னு சொல்லிட்டிருந்தான்."

"பால் முக்கியம் மாப்பிள்ளை," என்றார் மாமனார் பெருந்தன்மையாக, மெஷினிலிருந்து இறங்கிக்கொண்டே.

அடுத்த சிக்கல் டிக்கியில் வந்தது. அங்கே வைத்தால் ஃப்ரிட்ஜின் மூடி திறக்கவில்லை. பின் சீட்டுக்கு மாற்றினார். இரண்டு பக்கமும் காற்றுக்கு ஒரு சாண் இடம் விடவேண்டும் என்று விளக்கப் புத்தகத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. விட்டார். மீதி இருந்த இடத்தில் ஒரு தண்ணீர் பாட்டில்தான் உட்கார முடியும்.

"கொஞ்சம் ஒடுங்கி உக்காந்தா..." என்று மகளைப் பார்த்தார்.

"வேண்டாம்பா. நான் தாத்தாகூட வேன்ல வந்துக்கறேன். ஃப்ரிட்ஜ் நல்லா மூச்சு விடட்டும்."

தெரு முனை வரை ஒத்திகை ஓட்டம் நடந்தது. ஃப்ரிட்ஜ் பின்னால், மனைவி முன்னால். டிகிரி ஏறுகிறதா என்று அவர் மூன்று தடவை திரும்பிப் பார்த்தார். மூன்றாவது தடவை கார் எதிர் வீட்டு கேட்டை முத்தமிட இருந்தது.

"முன் சீட்ல வச்சா பாத்துக்கிட்டே ஓட்டலாமே," என்றாள் மனைவி.

"முன் சீட்ல நீ இருப்பியே."

"நான் என்னங்க... எதுலயாவது ஏறி வந்துக்கறேன்."

அந்தக் குரலில் இருந்த தியாகம் அவரைக் கொன்றுவிட்டது.

புறப்படும் நாள் காலையில், ஃப்ரிட்ஜை முன் சீட்டில் ஏற்றிக் காரைக் கிளப்பியதுமே 'கீங் கீங்' என்று அலறியது. யாரோ பெல்ட் போடவில்லை. இறங்கி வந்து ஃப்ரிட்ஜுக்குப் பெல்ட்டை இழுத்து மாட்டினார். பெல்ட்டில் முறுக்கு விழுந்திருந்தது. அதையும் நீவி நேராக்கினார்.

பத்தாவது நிமிடம் மைத்துனரின் வேன் அவரை முந்திக்கொண்டு போனது. உள்ளே பாட்டு. மாமனார் கைதட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். பாவம், பிரிவை மறக்கப் பாடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

"பாத்தியா, இண்டிகேட்டர் போடாம திரும்பறான்," என்றார், வழக்கம்போல இடது பக்கம் திரும்பி. ஃப்ரிட்ஜ் நான்கு டிகிரி காட்டியது.

டயரில் எவ்வளவு காற்று இருக்கவேண்டும் என்று சொன்னார். ஐம்பதுக்கு மேல் போனால் பெட்ரோல் எப்படி வீணாகும் என்று விளக்கினார். மணிக்கு ஒருமுறை ஓரங்கட்டி, நான்கு டயரையும் தட்டிப் பார்த்து, என்ன சத்தம் வந்தது என்று திரும்பி வந்து தெரிவித்தார். ஃப்ரிட்ஜ் மெல்ல உறுமிக்கொண்டு கேட்டது. கொட்டாவி விடவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளவில்லை.

ஆனாலும் மூன்று மணி நேரத்துக்கு மேல் அவரால் முடியவில்லை. ஒரு திருப்பத்தில் ஏரி முதல் தடவையாகப் பளிச்சென்று தெரிந்தது. "அதோ பார்!" என்று வாய்விட்டுக் கத்தினார். பக்கத்தில் பச்சை எழுத்து. நாலு பாக்கெட் பாலுக்காகப் பெற்ற மகளையும் கட்டினவளையும் இறக்கிவிட்ட மனுஷன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன் என்று தன்னையே திட்டிக்கொண்டார். போனதும் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டுவிடுவது, திரும்பும்போது ஃப்ரிட்ஜை வேனில் ஏற்றிவிட்டுக் குடும்பத்தைத் தன் காரில் அழைத்துப்போவது என்று முடிவு செய்தார். ஐம்பதைத் தாண்டாமலேயே ஏரிக்கரை முகாமின் கேட்டை அடைந்தார்.

காவலாளி ரிஜிஸ்டரோடு வந்து குனிந்து, முன் சீட்டைப் பார்த்தார்.

"என் குடும்பம் ஒரு வேன்ல முன்னாடியே வந்திருக்கும்," என்றார் இன்ஸ்பெக்டர் தழுதழுத்து. "இதுல இடமில்லன்னு அவங்களை நான்தான் கடைசி நேரத்துல..."

"தெரியும் சார், வாங்க," என்று கேட்டைத் திறந்தார் காவலாளி. "ரெண்டு மாசம் முன்னாடி இடம் பதிவு பண்ணும்போதே அம்மா எழுதச் சொல்லிட்டாங்களே, வேன்ல நாலு பேரு, கார்ல சாரும் ஒரு ஃப்ரிட்ஜும்னு."