மேயரான மருமகனுக்கு நான் விட்ட ஊளை

வார்சேயா அல்டா, மினாஸ்

அன்புத் தங்கை சுல்மீராவுக்கு, அண்ணன் ஒனோரியோ எழுதுவது. கடவுள் அருளால் நான் நலம், கோழிகளும் நலம். உன் முழங்காலும், தலைநகரில் நீ தங்கியிருக்கும் மகள் வீட்டாரும் நலமாக இருக்க அந்தோனியாரை வேண்டிக்கொள்கிறேன்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. எழுபத்து நான்கு வயதில் எழுத்துக் கற்றுக்கொண்டு, யாரையும் கூப்பிடாமல் நானே படித்த முதல் கடிதம் அது. வெள்ளிக்கிழமை படித்து முடித்தேன். "வெட்கங்கெட்ட கிழவா" என்று தொடங்கியிருக்கிறாய். எவ்வளவு தெளிவான கையெழுத்து! அந்த வரியை மட்டும் நான்கு தடவை படித்தேன். இரண்டாம் பக்கத்தில்தான் மகிழ்ச்சி குறைந்தது. மேயர் நாற்காலியில் இருப்பவனை, சொந்தத் தங்கை மகனை, ஞானஸ்நானத்தில் நானே ஞானத்தகப்பனாக நின்று ஏந்திய பிள்ளையை, ஊர் பார்க்க மைதானத்தில் ஊளையிட்டுக் கேலி செய்தது மரியாதை கெட்ட செயல் என்கிறாய். இனி வாயைத் திறக்க மாட்டேன் என்று எழுதித் தராவிட்டால் உன் எழுபதாவது பிறந்தநாள் விருந்துக்கு வர வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறாய். நம் வீட்டில் பிறந்த ஒன்பது பேரில் மிஞ்சியிருப்பது நாம் இரண்டு பேர். நான் வராவிட்டால் உன் சின்ன வயதுக் குறும்புகளை அங்கே யார் சொல்வது?

நீ கைப்பேசியில் நம் ஊர் ரேடியோவைப் பிடித்துக் கேட்டது பாதிதான். முழுவதையும் எழுதுகிறேன்.

அன்றைக்கு கால்பந்து மைதானத்துக் கூரைத் திறப்பு விழா. வெயில் பக்கத்துப் படிகளுக்குக் கூரை போடுவேன் என்று உன் மகன் வாண்டெர்லே தேர்தலில் சொன்னானே, போட்டிருக்கிறான், மறுக்கவில்லை, பன்னிரண்டு நாற்காலிக்கு. அவற்றில் மேயர், மேயரின் ஆட்கள், ஒரு பாதிரியார், ஒரு மருத்துவர். மற்ற மூவாயிரம் பேரும் பகல் இரண்டு மணி வெயிலில் சிமெண்டுப் படியில் பொரிந்துகொண்டிருந்தோம். ஆட்டக்காரர்கள் வரிசையாக நிற்க, நடுவர் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்க, உன் மகன் நிழலில் நின்றபடி மைக்கைப் பிடித்து நிழலின் அருமையைப் பற்றி இருபது நிமிடம் பேசினான். என் பக்கத்தில் நண்பன் பெனெடிட்டோ செய்தித்தாளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, "யோவ், உன் மருமகன் பேச்ச நிறுத்துவானா, இல்ல நாம வெந்துதான் இறங்கணுமா?" என்றான். "நிறுத்திக் காட்டவா?" என்றேன். முப்பது ஆண்டு செங்கல் சூளையில் அந்தக் கோடியில் நிற்பவனைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. ஒரே ஒரு ஊளைதான் விட்டேன். படிகள் முழுவதும் சேர்ந்துகொண்டன.

உன் மகன் பேச்சை நிறுத்தினான். கையைப் புருவத்தில் வைத்துத் தேடினான். என்னைக் கண்டுபிடித்துவிட்டான். எந்தச் சண்டையானாலும், பிள்ளை ஆசீர்வாதம் கேட்டால் ஞானத்தகப்பன் அந்த நிமிடமே கொடுத்தாக வேண்டுமே, அது அவனுக்குத் தெரியாதா? "மாமா! ஆசீர்வாதம் குடுங்க மாமா!" என்று நான்கு ஒலிபெருக்கியிலும் கேட்டுவிட்டான். என் வாய் இன்னும் ஊளையிலேயே குவிந்திருந்தது. பாதியில் விழுங்கிவிட்டு, தொப்பியைக் கழற்றி, கையைத் தூக்கி, "கடவுள் உன்ன ஆசீர்வதிக்கட்டும்டா மகனே!" என்றேன்.

அவ்வளவுதான். மூவாயிரம் பேரும் திரும்பி என்னைப் பார்த்து ஊளையிட்டார்கள். "வெலபோன கெழவா!" "பெருசு, ராத்திரி மேயர் வீட்ல விருந்தா?" பெனெடிட்டோ என் காதருகே ஊளையிட்டுப் பார்த்தான், வசதிப்படாமல் இரண்டு படி கீழே இறங்கி, திரும்பி நின்று ஒழுங்காக ஊளையிட்டான்.

சுல்மீரா, நாற்பது ஆண்டுகளாக நடுவர்களை, கோல்கீப்பர்களை, ஒருமுறை மழையைக்கூடப் பார்த்து ஊளையிட்டவன் நான். எனக்கு விழுந்தது இதுதான் முதல் தடவை. காது சுட்டது. ஆனால் ஒருவர்கூட எழுந்து போகவில்லை. மதிக்காதவனைப் பார்த்து யார் ஊளையிடுகிறார்கள்? அவன் பேசும்போது முதுகைக் காட்டிக்கொண்டு வேர்க்கடலை வாங்கப் போய்விடுவார்கள். கூரையைக் கேட்க வேண்டிய இடம் கூரை இல்லாத இடம்தான். உன் மகனுடைய அலுவலகத்தில் போய்க் கேட்டால் காப்பி கொடுத்து அனுப்பிவிடுகிறான்.

இதெல்லாம் மைதானத்தில் இருந்தவனுக்குத் தெரியும். நீ எங்கோ சமையலறையில் தனியாக உட்கார்ந்து, பெற்ற பிள்ளைக்கு விழும் கூச்சலை மட்டும் கேட்டிருப்பாய் என்று நான் நினைக்கவே இல்லை. அதற்கு என்னை மன்னித்துவிடு.

ஆகவே என் கைப்பட எழுதித் தருகிறேன்: இனி எந்த மைதானத்திலும் எந்தத் தலைவரையும் பார்த்து ஊளையிட மாட்டேன். நடுவர்கள் இதில் சேரமாட்டார்கள். விருந்துக்கு வருகிறேன், பெரிய சேவலைக் கொண்டுவருகிறேன்.

உன் வீட்டு வாசலில் நல்ல செய்தி மட்டுமே வந்து கதவைத் தட்டட்டும். பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
உன் அண்ணன் ஒனோரியோ

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது வாண்டெர்லே வந்தான். "மாமா, மிச்சக் கூரைக்குப் பணம் ஒதுக்கக் கவர்னர் கையெழுத்துப் போட மாட்டேங்கறார். ஞாயித்துக்கெழம இறுதி ஆட்டத்த அவர்தான் தொடங்கி வைக்கிறார். நீங்க வெயில் பக்கத்துல இருக்கணும்" என்றான். "உங்கம்மாவுக்கு எழுதிக் குடுத்துட்டேன்டா" என்று கடிதத்தைக் காட்டினேன். நின்றபடியே படித்துவிட்டு, "இன்னும் தபால்ல போடலயே மாமா" என்றான். மேலும், நீ போனில் விஷயத்தைக் கேட்டதும் "என் புள்ளைக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்னானா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, சனிக்கிழமை பஸ்ஸுக்கு இடம் பதிவு செய்யச் சொன்னதாகச் சொல்கிறான். ஆறு நாள் எழுதியதை வீணாக்க மனமில்லை, ஆகவே நீ வந்து இறங்கியதும் தரச் சொல்லி அவனிடமே கொடுத்தனுப்புகிறேன். வாக்குக் கொடுத்த பத்தியை மட்டும் படிக்காமல் விட்டுவிடு. ஞாயிறு மதியம் ஒரு மணிக்கே இடம் பிடித்து வைக்கிறேன். முதல் ஊளையை நீ விடு. நான் பின்னால் வந்து சேர்ந்துகொள்கிறேன்.