‘துக்கம்’ அழுத அழுகை

புதுக்கோட்டைச் சீமையில் அவனைப் போல அழத் தெரிந்தவன் அவனுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் எங்கள் ஆபீஸில் குமாஸ்தா. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் ஆபீஸ் சார்பில் துக்கம் கேட்க அவன்தான் போவான். கடைசியில் அவன் பெயரே ‘துக்கம்’ என்றாகிவிட்டது.

அறந்தாங்கியில் ஒரு சாவு வீட்டுக்கு நானும் கூடப் போனேன். செத்தவரை அவன் பார்த்ததுகூட இல்லை. “அண்ணே, எங்கள விட்டுட்டுப் போயிட்டீகளே” என்று ஒரு குரல் கொடுத்தான் பாருங்கள், அதுவரை சொத்துக்காக முறைத்துக்கொண்டிருந்த பங்காளிகள் கட்டிப்பிடித்து அழுதார்கள். இவன் வெளியே வந்து துண்டை உதறிக்கொண்டு, “இங்கிட்டு நல்ல பிரியாணி எங்கய்யா கெடைக்கும்?” என்றான்.

நானும் அவனும் மாத வாடகைக்கு இருந்த லாட்ஜிலேயே தங்கியிருந்த சயின்ஸ் வாத்தியாருக்கு அவன் ஒரு ஆராய்ச்சி.

“பயமும் கெடையாது, பாவ புண்ணியமும் கெடையாது. இந்த மாதிரி ஆளை இயற்கை ஏன் விட்டு வச்சிருக்கு தெரியுமா? மத்தவனெல்லாம் நெசமா அழுகுறான். அந்த நம்பிக்கையில இவன் பொழைக்கிறான். எல்லாரும் இவனாயிட்டா எவனும் எவனையும் நம்ப மாட்டான், இவனும் பட்டினிதான். அதான் ஊருக்கு ஒருத்தனோட நிக்குது.”

“நாம கொரங்கா இருந்தப்பவும் நான் இருந்திருப்பேன்ல சார்?” என்பான் துக்கம்.

“இருந்திருப்ப. அடுத்த கொரங்கு பறிச்ச பழத்தத் தின்னுக்கிட்டு.”

அதில் அவனுக்கு ஒரே பெருமை.

வாத்தியாரின் அம்மா அப்போது படுத்த படுக்கை. கண்ணை மூடுவதற்குள் மகன் கல்யாணத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அந்த அம்மாளின் ஒரே பேச்சு. திருவரங்குளத்தில் பெண் அமைந்தது. பெண்ணின் அப்பா வழக்கப்படி மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க லாட்ஜுக்கு வந்தார். அன்றைக்கென்று அங்கே இருந்தவன் துக்கம் மட்டும்தான். நடந்ததை அவனே எங்களிடம் சிரித்துக்கொண்டு சொன்னான்.

“மாப்பிள்ளை எப்படிங்க?” என்று கேட்டிருக்கிறார்.

“தங்கமான மனுசங்க” என்று சொல்லிவிட்டு இவன் அழுதிருக்கிறான்.

“ஒடம்புக்கு ஏதுமா?”

“நான் என்னத்தங்க சொல்ல” என்று துண்டால் கண்ணைத் துடைத்திருக்கிறான். மனிதர் அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார்.

வாத்தியார் டாக்டர் சர்ட்டிபிகேட்டோடு திருவரங்குளம் போனார். “டாக்டருக்கும் மனசு எளகியிருக்குமுல்ல தம்பி” என்று மோர் கொடுத்து அனுப்பிவிட்டார் பெண்ணின் அப்பா. சம்பந்தம் முறிந்தது.

“ஏன்டா பாவி?” என்று நான் துக்கத்தின் சட்டையைப் பிடித்தேன்.

“நான் ஒரு வார்த்தை தப்பாச் சொன்னேனா? சும்மாதான்யா அழுதேன். அந்தாளு மூஞ்சி போன போக்க நீ பாத்திருக்கணும்.”

அவனுக்கு அவ்வளவுதான். அடுத்த வரன் வருவதற்குள் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்.

நான் போவதற்கு முன்பே சாவு வீட்டில் துக்கம் இருந்தான். “ஆத்தா, மகன் கல்யாணத்தப் பாக்காமப் போயிட்டியே” என்று காலைப் பிடித்துக் கதறினான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாத்தியார் எழுந்தார். இவன் இன்றைக்குச் செத்தான் என்று நினைத்தேன். அவரோ அவன் தோளில் விழுந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

“பொய்யின்னு தெரியும்யா” என்றார் பிறகு என்னிடம். “காலையிலருந்து எனக்கு அழுகையே வரல. அவன் வந்துதான் அழ முடிஞ்சுது.”

அவர் கடைசி வரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறமாட்டேன் என்கிறது.

துக்கத்துக்கு மாற்றல் வந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு நானும் வாத்தியாரும்தான் போனோம். ஏறி உட்கார்ந்தவன் எங்கள் பக்கம் திரும்பக்கூட இல்லை. பஸ் மறையும் வரை நின்றோம். மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் நின்றோம்.