நடு மேசை மேளம்

பொருட்காட்சி திறக்கக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. நடு மேசை மட்டும் காலியாகக் கிடந்தது.

"கப்பல் சிங்கப்பூர்லயே நின்னுடுச்சாம். ஆப்பிரிக்க மேளம் வராது லா," என்றார் வாசகசாலைத் தலைவர் சீனி முகம்மது. "செயலாளரே, ஏதாச்சும் வழி பண்ணுங்க."

செயலாளர் காஜா மொய்தீன் காலி மேசையைப் பார்த்தார். ஆப்பிரிக்காவிலிருந்து கடல் கடந்து போய்ப் பல நாடுகளில் வேரூன்றிய மக்களின் கலைகளுக்கு, 1934-இல், சூலியா தெரு வாசகசாலையில் பொருட்காட்சி என்று பினாங்கு முழுக்கத் தம்பட்டம் அடித்தாயிற்று. அவர்களின் பூர்வீகத்தைக் காட்டச் சான்சிபார் மரச்சீப்பு வந்துவிட்டது. அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்களின் கிராமபோன் தட்டுகளும் வந்துவிட்டன. மேளம் இல்லாமல் எப்படி?

அப்படி ஒரு மேளம் அவர் வீட்டிலேயே, அவரைப் பெற்ற உம்மா நூர் பீவியின் கட்டிலுக்கடியில் இருந்தது. அந்த மேளத்துக்குச் சொந்தக்காரரான உம்மாவின் பாட்டனார், ஆப்பிரிக்காவிலிருந்து இலங்கைப் பட்டாளத்துக்கு வந்த ஹபஷி, கறுப்பினத்தவர். அது வெளியே தெரியக் கூடாது என்றுதான் காஜா மொய்தீன் சுருட்டை முடியை எண்ணெய் போட்டு அமுக்கி, அதன்மேல் சொங்கோக் தொப்பியையும் கவிழ்த்து வைத்திருந்தார். ஹபஷிகளின் கலையைப் பற்றி மேடையில் மூச்சு விடாமல் பேசுவார். தானும் அந்த வம்சம்தான் என்று மட்டும் வாய் வராது.

உம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து, மேளத்தைப் போர்வையில் சுற்றித் தூக்கிவந்துவிட்டார். மண்டபக் காவலர் பஷீர் அதை வாங்கி மேசையில் வைத்தார்.

"மேசைக்கு அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு அண்ணே," என்றார்.

தலைவர் மேளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். "யாரோடது இது?"

"பழைய சாமான் கடையில ஒரு கப்பல்காரன் கொடுத்தான்."

"பேரு?"

"முபாரக்," என்று வாயில் வந்ததைச் சொன்னார். அது உம்மாவின் பாட்டனார் பெயர் என்பது அப்புறம்தான் உறைத்தது.

"நல்லதாப் போச்சு! கூட்டிட்டு வாங்க, வாசிக்கச் சொல்லுவோம்."

"அவனுக்குக் காய்ச்சலுங்க."

"அடடா! டாக்டரோட போய்ப் பார்ப்போம். பஷீரு, ரிக்ஷா கூப்பிடு!"

"வேணாம், வேணாம்! காய்ச்சல் முத்தி... காலையிலயே மவுத்தாயிட்டான்."

தலைவர் மேளத்தின் மேல் கை வைத்தார். "இன்னா லில்லாஹி... அந்த மனுசனோட பொருள வெச்சுக்கிட்டு நாம சும்மா இருக்கலாமா? ஒரு ஃபாத்திஹா ஓதிட்டுத் திறப்போம்."

மண்டபமே எழுந்து நின்றது. தன் பொய்யில் செத்துப்போனவனுக்காகக் காஜா மொய்தீனும் கையேந்தினார்.

ஓதி முடிக்கவும் வாசலில் நூர் பீவி வந்து நிற்கவும் சரியாக இருந்தது. பெருநாளுக்குக் கட்டும் பட்டுச் சேலையில் வந்திருந்தார்.

"யாருக்கு ஓதினீங்க?"

"இந்த மேளத்துக்காரர் முபாரக்குக்காகத்தாம்மா," என்றார் தலைவர்.

நூர் பீவியின் முகம் மலர்ந்தது. "ரொம்ப சந்தோசம். இத்தன வருசமா அவருக்கு நான் ஒருத்திதான் ஓதிக்கிட்டிருந்தேன்."

எல்லாரும் காஜா மொய்தீனைத் திரும்பிப் பார்த்தார்கள். தலைவர் மெதுவாகக் கேட்டார்: "செயலாளரே, இந்த அம்மா யாரு?"

காஜா மொய்தீன் தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"பக்கத்து வீட்டம்மா. வயசாச்சு, இப்படித்தான் ஏதாச்சும் பேசிக்கிட்டிருப்பாங்க."

சொல்லி முடித்ததுமே, இந்த நாக்கு அழுகிப் போகாதா என்று இருந்தது அவருக்கு. உம்மா அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"ஆமா, பக்கத்து வீடுதான்," என்றார் நூர் பீவி. "மேளம் கொஞ்சம் தட்டத் தெரியும். தட்டலாமா?"

உட்கார்ந்து தட்டினார். பாட்டனார் சொல்லிக் கொடுத்த பாட்டைப் பாடினார். வார்த்தை யாருக்கும் புரியவில்லை. ஆனால் தலைவரின் கால் தாளம் போட்டது, கூட்டம் கை தட்டியது. காஜா மொய்தீன் சின்னப் பிள்ளையில் அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் தூங்குவார். ஊரே அதைக் கொண்டாடியது. அவருக்கு மட்டும் அங்கே நிற்க வெட்கமாக இருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு பின்கதவுப் பக்கம் போனார். அங்கே பஷீர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

காஜா மொய்தீன் தொப்பியைக் கழற்றினார். எண்ணெய்க்கு அடங்காத சுருட்டை முடி மேலே எழும்பியது.

"பஷீரு, அது பக்கத்து வீட்டம்மா இல்ல. என்னைப் பெத்த உம்மா."

பஷீர் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தார்.

"தெரியும் அண்ணே. கப்பலும் இல்ல, ஒண்ணும் இல்ல லா. மேளத்தக் கேட்டு போன வாரமே, நீங்க இல்லாதப்ப, தலைவரும் நானும் உங்க வீட்டுக்கு வந்தோம், 'எம் மவனே கொண்டாந்து வெச்சு, இது எங்க உம்மாவோடதுன்னு எல்லார் முன்னாடியும் சொல்லுவான், பாருங்க'ன்னு அவங்கதான் அடிச்சுச் சொல்லி அனுப்பினாங்க."