சந்தேகம் கேட்கும் தங்கப்பாண்டியன்

கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் லோடு அனுப்பும் வேலையைப் பார்த்துவந்த சோலைராஜுக்கு, வாழ்க்கையில் ஒரே ஒரு சபதம்தான் எடுக்க வாய்த்தது. அதையும் யோசித்து எடுக்கவில்லை. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்த ஒரே மகள் வனிதா, வேற்றுச் சாதிப் பையன் ஒருவனைப் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டாள் என்று தெரிந்த அன்று, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, "இனிமே இந்த வீட்டுல அவ பேரை யாரும் எடுக்கக்கூடாது" என்றார். வீட்டில் அவரைத் தவிர இருந்தது மனைவி சீனித்தாய் மட்டும். ஆக, 'யாரும்' என்றால் அவள்தான்.

சீனித்தாய் சரி என்றாள். அங்கேதான் வினை.

அவள் அழுவாள், மல்லுக்கட்டுவாள், பட்டினி கிடப்பாள். தாமும் கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டு, அப்புறம் 'உன் முகத்துக்காகப் போனாப் போகுது' என்று இறங்கி வரலாம் என்று சோலைராஜ் மனசுக்குள் வழி பண்ணி வைத்திருந்தார். அவளோ அழவே இல்லை. பேரை எடுக்கக்கூடாது என்றால் எடுக்கவில்லை. எதிர்வீட்டிலும் ஒரு வனிதா உண்டு. அவளைக்கூட 'எதுத்த வீட்டுப் பிள்ளை' என்றுதான் கூப்பிட்டாள். எதிர்த்துப் பேசுகிற மனைவியிடம் தோற்றுப்போகலாம். இப்படி அட்சரம் பிசகாமல் கீழ்ப்படிகிறவளிடம் எந்த மனுஷன் தோற்பது?

இப்படியே இரண்டு ஆடி போயிற்று. கரிசலில் பருத்தி வெடித்தது, உளுந்து காய்ந்தது. வீட்டில் மட்டும் எதுவும் வெடிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சீனித்தாய் தன் போனை அவர் கையில் கொடுத்து, யாரோ தமிழில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறார்களாம், காசில்லையாம், ஆபீசுக்கு ஆகுமா பாருங்க என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். சோலைராஜ் அசிரத்தையாகத் தொட்டார். உள்ளேயிருந்து, "எல்லாருக்கும் வணக்கம், நான் வனிதா" என்றது குரல்.

போனைக் கையில் பிடித்துக்கொண்டே மொட்டைமாடிக்கு ஓடினார். செருப்பு ஒன்று படியிலேயே கிடந்தது.

அன்றைக்கே தன் போனில் தங்கப்பாண்டியன் என்ற பேரில், ஞாயிறுதோறும் நடக்கும் அந்த வகுப்பில் சேர்ந்தார். அந்த வகுப்புக்கு உண்டான ஆங்கிலப் புத்தகத்தையும் வரவழைத்தார். தலைக்கு வைத்துப் படுக்கிற கனம். சி ஷார்ப் என்று ஒரு கம்ப்யூட்டர் மொழி. அந்த மொழிக்குள் இருந்துகொண்டே, குவிந்து கிடக்கிற தகவலில் வேண்டியதை மட்டும் கேட்டு எடுக்கிற வித்தை. அதற்கு 'லிங்க்' என்று பேர். என்ன புத்தகம் என்று சீனித்தாய் கேட்டாள். லிங்க் என்றார். லிங்கமா, அப்போ குளிச்சிட்டுத் தொடுங்க என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"எடுத்ததுமே இங்கிலீசுல வேர், வேர்னு நிக்குது. ஒண்ணும் விளங்கல" என்றார் ஒருநாள்.

"வேர்த்தா ஃபேனைப் போட்டுக்கிட்டுப் படிங்க."

புத்தகத்தில் விளங்காதது மகள் வாயில் விளங்கியது. கம்பு, பருத்தி, உளுந்து என்று ஒரு பட்டியலைத் திரையில் போடுவாள். 'இடைசெவல்ல பருத்தி போட்டவுகளை மட்டும் எடு' என்று கம்ப்யூட்டரிடம் எப்படிக் கேட்பது என்று காட்டுவாள். கேள்வியை எழுதி வைத்தால் மட்டும் அது ஓடாது, பதிலை வாங்கப் போகும்போதுதான் ஓடும் என்றாள். சோலைராஜுக்கு அது உடனே புரிந்தது. ஆனாலும் புரியவில்லை என்று எழுதி அனுப்பினார். புரிந்துவிட்டால் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவாள். அப்புறம் வகுப்பே முடிந்துவிடும். எப்போதாவது கை மீறி, 'மேடம் சாப்டாச்சா' என்றும் எழுதிவிடுவார். அதற்கு மட்டும் அவள் பதில் சொல்வதில்லை.

ஐப்பசியில் ஒரு நாள், தனக்குப் பிரசவம் நெருங்குவதால் கொஞ்ச நாள் வகுப்பு இருக்காது என்றாள்.

சோலைராஜ் மாடியில் தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தாத்தா ஆகப்போகிறோம். இந்தச் சேதி உலகத்தில் தனக்குத் தெரியும், பெற்றவளுக்குத் தெரியாது. சீனித்தாயை நினைக்க நினைக்க அவருக்குப் பாவமாக இருந்தது. அவளே கெஞ்சிக் கேட்கிற மாதிரி பண்ணி, பெரிய மனசோடு சம்மதித்துவிடுவது என்று திட்டம் போட்டார்.

"பெங்களூர்ல இப்ப குளிரு அதிகமாம்" என்று ஆரம்பித்தார்.

"இருக்கும்."

"பச்சைப்பிள்ளைகளுக்கு ஆகாது."

"யாரு பிள்ளைக்கு?"

"பொதுவாச் சொல்லுதேன்."

"பொதுவா ஆகாதுதான்" என்று சொல்லிவிட்டு அவள் வெங்காயம் நறுக்கினாள்.

அந்த வாரமே சீனித்தாய், கயத்தாற்றில் இருக்கும் தன் அக்காவுக்கு முழங்கால் முட்டில் ஆபரேஷன், கூட இருந்து பார்க்க ஆளில்லை என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். சோலைராஜே பஸ் ஏற்றிவிட்டார். தானாகச் சோறு வடித்து, கையைச் சுட்டுக்கொண்டு, புத்தகத்தைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார்.

கார்த்திகை பிறந்து அவள் திரும்பி வந்தபோது கன்னம் ஒட்டிப்போயிருந்தது. முட்டு எப்படி என்று கேட்டார்.

"நல்லபடியா முடியல" என்றாள்.

"போகட்டும் விடு. முட்டுதானே. உசுரா போயிட்டு?" என்று ஆறுதல் சொன்னார்.

சீனித்தாய் பையை இறக்கி வைத்தாள். பிறகு ஈரத்துணியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். வெகுநேரம் காயப்போட்டாள்.

வகுப்பு நினைத்ததற்கு முன்னாலேயே மறுபடி தொடங்கியது. சோலைராஜ் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பாடத்துக்காக இல்லை, பின்னால் எங்காவது ஒரு குழந்தைச் சத்தம் கேட்கிறதா என்று. படிக்கிற பெண் ஒருத்தி, பையனா பொண்ணா மேடம் என்று கேட்டாள். "பிழைக்கல. நாம பாடத்துக்குப் போவோம்" என்றது அந்தக் குரல்.

கேட்டது பட்டியலில் இல்லாமலே போனால் என்ன செய்வது என்பது அன்றைக்குப் பாடம். ஒரு விதமாகக் கேட்டால் கம்ப்யூட்டர் தப்பு என்று அலறி நின்றுவிடும். இன்னொரு விதமாகக் கேட்டால், ஒன்றுமில்லை என்று அமைதியாகச் சொல்லிவிட்டு மேலே போகும். சொல்லும்போதே அவள் குரல் இரண்டு இடத்தில் அறுந்தது. சோலைராஜுக்கு ஓடிப்போய் அந்தத் தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. தங்கப்பாண்டியனால் என்ன செய்ய முடியும்? 'புரியலை மேடம், இன்னொரு தடவை சொல்லுங்க' என்று எழுதினார். சொன்னாள். மறுபடியும் எழுதினார். மறுபடியும் சொன்னாள்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறெல்லாம் அப்படியே போயிற்று. கம்பெனியில் லாரி நம்பரை மாற்றி எழுதினார். வீட்டில் சீனித்தாய்க்கு முன்னால் முகத்தைச் சிரித்தாற்போல் வைத்துக்கொண்டார். ஒன்றும் தெரியாத அப்பிராணியை ஏன் நோகடிப்பது?

பொங்கல் கழிந்த பிறகு அவருக்குத் தாங்கவில்லை. மகள் அங்கே தாய் துணை இல்லாமல் கிடக்கிறாள், பெற்றவள் இங்கே விவரம் தெரியாமல் மாவாட்டுகிறாள். அடுப்படியில் போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"சீனி, நம்ம வனிதா..." என்றார்.

சீனித்தாய் கிரைண்டரை நிறுத்தினாள். வீடே நின்றது மாதிரி இருந்தது.

"பொம்பளப்பிள்ளை" என்றாள். "உங்க அம்மை ஜாடை. நான்தான் கையில வாங்கினேன். அழவே இல்ல."

சோலைராஜுக்கு விளங்க நேரம் பிடித்தது. "அப்ப முட்டு?"

"அக்காவுக்கு முட்டு நல்லாத்தான் இருக்கு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்கதான் அந்தப் பேரையே எடுக்கக்கூடாதுன்னீங்களே" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். "நீங்களா எடுப்பீங்கன்னு இருந்தேன். போனைக் கையில குடுத்தும் பாத்தேன். அன்னைக்கு ஆஸ்பத்திரியிலகூட அவ, அப்பா வந்தாகளான்னுதான் கேட்டா."

சோலைராஜ் மாவு படிந்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவளும் அழுதாள். இத்தனை நாளும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் கொல்லையிலும் மாடியிலும் அழுததை, அன்றைக்குத்தான் ஒரே இடத்தில் உட்கார்ந்து அழுதார்கள்.

பிறகு சீனித்தாய் கையைத் துடைத்து, போனைப் போட்டு அவரிடம் நீட்டினாள். அந்தப் பக்கம் 'சொல்லும்மா' என்று கேட்டது. சோலைராஜ் பழக்கதோஷத்தில், "நான் தங்கப்பாண்டியன் பேசுதேன்" என்றார்.

"சொல்லுங்கப்பா" என்றாள் வனிதா. "சாப்பிட்டாச்சு."

அதற்கு மேல் இருவரும் பேசியதில் பேச்சு குறைவு. போனை வைத்ததும் சோலைராஜ் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். திங்கட்கிழமை ரயிலுக்குப் போவோம் என்றார். நாளைக்கே போனால் என்ன என்று சீனித்தாய் கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை வகுப்பு இருக்கு. பாதியில விட்டா நல்லாவா இருக்கும்? கூடப் படிக்குதவுக என்ன நினைப்பாக?"

சீனித்தாய் கிரைண்டரைத் திரும்பப் போட்டாள்.

"அவுக எல்லாம் மார்கழியிலேயே பாசாகிப் போயிட்டாக. பெயிலான ஆளு உங்க ஒருத்தருக்குத்தான் வகுப்பே நடக்குதாம்."