யானை உட்கார்ந்த ஞாயிற்றுக்கிழமை

கன்வேயரில் வேலை பார்க்கும் மனிதனைக் குழந்தைகள் விளையாடுகிற இடத்துக்குக் கூட்டிப்போகக் கூடாது. இதை நான் சொல்லவில்லை, என் மனைவி சுதா சொல்கிறாள். ஆறு வருடமாக, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிவருகிறாள். முதலில் எதிர்த்துப் பேசிப் பார்த்தேன். இப்போதெல்லாம் அவள் சொல்லி முடிக்கும்வரை தலையாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

என் வேலையைப் பற்றி நாலு வரி சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. நெய்வேலிச் சுரங்கத்தில் வெட்டுகிற மண்ணும் பழுப்பு நிலக்கரியும் கிலோமீட்டர் கணக்கில் நீளும் ரப்பர் பெல்ட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். பெல்ட் கிளம்பும் முன்பு ஹூட்டர் அலறும். பெல்ட்டின் ஓரமாக இடுப்பு உயரத்தில் ஒரு சிவப்புக் கயிறு கூடவே போகும். ஆபத்து என்று தோன்றினால் அந்தக் கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டும், பெல்ட் நின்றுவிடும். "மொதல்ல இழு, அப்புறம் கத்து, கடைசியா யோசி" என்பதுதான் வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். (பள்ளிக்கூடத்தில் படித்த எதுவும் மண்டையில் தங்கவில்லை. இது ஒன்று மட்டும் எலும்புவரை இறங்கிவிட்டது.)

அந்த வருடம் கோடை விடுமுறைக்கு டவுன்ஷிப் மைதானத்தில் ஒரு மிருகப் பூங்கா வந்து இறங்கியது. ஒரே மாதம்தான் இருக்கும் என்றார்கள். சிங்கத்தின் வாய்க்குள் நுழைந்துதான் உள்ளே போக வேண்டும். உள்ளே ராட்டினத்தில் ஒட்டகச்சிவிங்கி, குட்டி ரயிலில் முதலை, குப்பைத்தொட்டியில்கூட வாயைப் பிளந்த தவளை. இவ்வளவுக்கும் நடுவில் இரண்டு மாடி உயரத்துக்குக் காற்றடைத்த ஒரு யானை நின்றது. வாய் வழியாக ஏறி, வயிற்றுக்குள் தவழ்ந்து, வால் பக்கமாகச் சறுக்கி வெளியே வந்து விழ வேண்டும். எங்கள் பிளாக்கில் இருக்கிற பிள்ளைகள் அத்தனை பேரும் முதல் வாரமே யானைக்குள் போய் வந்துவிட்டார்கள். போகாதது என் மகள் யாழினி மட்டும். அப்போது அவளுக்கு ஆறு வயது.

போகாததற்குக் காரணம் நான்தான். முதல் ஞாயிற்றுக்கிழமை என்னை மாற்றிவிட வேண்டிய ரிலீவர் வரவில்லை, டபுள் ஷிப்ட் பார்த்தேன். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை பெல்ட் கிழிந்தது. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமைக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. "பத்து நிமிஷம் கண்ணை மூடிக்கிறேன்" என்று படுத்தவன், எழுந்து பார்த்தபோது மணி ஏழு. யாழினி புது ஃபிராக்கோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. "அப்பா சொன்னா வர மாட்டாங்கம்மா" என்று சுதாவிடம் சாதாரணமாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மைன்ஸில் நான் பெர்மனெண்ட்; வீட்டில் அன்றைக்குக் காண்ட்ராக்ட் ஆகிவிட்டேன்.

ஆகவே நான்காவது ஞாயிற்றுக்கிழமை, அதாவது பூங்கா மூட்டை கட்டும் கடைசி நாள், முதல் ஷிப்ட் முடித்த கையோடு நேராக வந்தேன். குளித்தால் தூங்கிவிடுவேன் என்ற பயத்தில் குளிக்கவே இல்லை. காலில் சேஃப்டி ஷூ, தலைமுடி முழுக்க மண். சுதா என்னை விட்டு நாலடி தள்ளியே நடந்து வந்தாள். அவள் இடுப்பில் மூன்று வயது மகன் கதிர். யாழினி என் ஒரு விரலைப் பிடித்திருந்தாள். நான் ஓடிவிடுவேனோ என்று பிடித்த மாதிரிதான் இருந்தது.

யானைக்குப் பொறுப்பு ஓர் அம்மா. கழுத்தில் விசில், கையில் நீளக் குச்சி. பூங்காவுக்காகக் கம்மாபுரம் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். பெயர் அஞ்சலை என்பது பிற்பாடு தெரிந்தது.

"பத்துப் பேராத்தாங்க வாய்ல உடுவேன்" என்றார். "இப்ப போனது போவட்டும். அதுக்கு அடுத்தது பாப்பாதான். அதுவரிக்கும் சிவிங்கி மேல ஒரு சுத்து சுத்திக்கினு வாங்க."

யாழினி என் விரலை விட்டாள். மூன்று வாரத்துக்குப் பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம்.

ஒட்டகச்சிவிங்கி ராட்டினம் யானைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவளை மேலே உட்காரவைத்து, பெல்ட் மாட்டிவிட்டு, வேலிக்கு வெளியே வந்து நின்றேன். அப்போது பாருங்கள், ராட்டினம் கிளம்புவதற்கு ஹூட்டர் அடித்தது. ஷிப்ட் முடிந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத என் உடம்பு தானாக விறைத்தது. பக்கத்தில் நின்ற இரண்டு பேரை "தள்ளு, தள்ளு" என்று ஒதுக்கிவிட்டேன். (அவர்கள் பஞ்சுமிட்டாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.)

முதல் சுற்றில் யாழினி கையசைத்தாள். இரண்டாவது சுற்றில் அவளுடைய செருப்பு ஒன்று கழன்று, சுற்றுகிற மேடையின் விளிம்பில் விழுந்தது. "அப்பா, செருப்பு!" என்று கத்திக்கொண்டே அதை எடுக்க ஒரு பக்கமாகக் குனிந்தாள்.

ஓடுகிற இயந்திரம், விளிம்பில் விழுந்த பொருள், அதை எடுக்கக் குனியும் ஆள். பத்து வருடமாக எதைப் பார்த்தால் யோசிக்கவே கூடாது என்று பழக்கினார்களோ, அது என் மகள் உருவத்தில் எதிரே சுற்றிக்கொண்டிருந்தது. உண்மையாகவே பயந்துவிட்டேன். கை தானாகப் பக்கவாட்டில் துழாவியது. அங்கே, வேலி ஓரமாக, சரியாக இடுப்பு உயரத்தில், சிவப்பாக ஒன்று போய்க்கொண்டிருந்தது.

இழுத்தேன். இரண்டு கையாலும், உடம்பின் முழு எடையையும் போட்டு இழுத்தேன். அப்புறம் பாடத்தில் சொன்னபடி கத்தினேன்.

ராட்டினம் நிற்கவில்லை. யாழினி பெல்ட்டுக்குள் பத்திரமாக நிமிர்ந்து உட்கார்ந்து, இன்னொரு செருப்பையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஜாலியாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். எனக்குப் பின்னால்தான் ஒரு நீண்ட பெருமூச்சு கேட்டது.

நான் பிடுங்கியது கயிறு இல்லை. யானைக்குக் காற்றடிக்கும் ப்ளோயருக்குப் போகிற மின்சார ஒயர். பிள்ளைகள் காலில் தடுக்கிவிடக் கூடாது என்று தரையில் போடாமல் வேலியில் கட்டியிருந்தார்கள். ஒயர் மொத்தமும் இப்போது என் கையில் இருந்தது.

முதலில் துதிக்கை தொங்கியது. பிறகு காது இரண்டும் மடிந்தன. ராட்டினத்தில் இருந்த யாழினிக்குத்தான் நல்ல இடம்; ஒவ்வொரு சுற்றிலும் யானைக்கு எதிரே வந்து வந்து போனாள்.

"அப்பா! யானை தலையைக் குனியுது!"

போய்விட்டு அடுத்த சுற்றில் வந்தாள். "அப்பா! யானை உட்காருது!"

மறுபடி போய் வந்தாள். "அப்பா! யானை படுத்துக்கிச்சு!"

கடைசிச் சுற்றில் அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. "அப்பா... யானை செத்துப்போச்சா?"

சுதாவின் இடுப்பில் இருந்த கதிர் இதைக் கேட்டதும் "ஆனை செத்துப்போச்சு!" என்று வீறிட்டான். வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லாரும் அவனோடு சேர்ந்து அழ ஆரம்பித்தார்கள். துணியாகச் சரிந்துகொண்டிருந்த யானைக்குள் பத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனால் அஞ்சலையம்மா அசரவில்லை. விசிலை ஊதிக்கொண்டே வாய்ப் பக்கம் பாதிப் பேரையும் வால் பக்கம் பாதிப் பேரையும் இழுத்துப்போட்டு எண்ணினார். உள்ளே போனது பத்து. வெளியே வந்தது பதினொன்று. (ஒரு பயல் வால் வழியாகத் திருட்டுத்தனமாக ஏறியிருக்கிறான்.) வந்தவர்கள் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை, எல்லாரும் "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்று குதித்தார்கள்.

"யாரு ஒயர புடுங்கினது?" என்று கேட்டபடி அஞ்சலையம்மா திரும்பினார். ஒளித்துவைக்க வழியில்லை, பத்து முழ ஒயர்.

"நல்லா நின்னுகினு இருந்த ஆனைய இப்டி பண்ணிட்டீங்களே சார்!"

"எமர்ஜென்சின்னு நெனச்சுட்டேங்க. மைன்ஸ்ல இந்த மாதிரிதான் சிவப்பா..."

"இது மைன்ஸா சார்?"

அதற்குள் எங்கள் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பிச்சையா அண்ணாச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துவிட்டார். திருநெல்வேலியிலிருந்து வந்து முப்பது வருடம் ஆகியும் பேச்சில் ஊரை விடாதவர். "ஏல, ஒன் வேலதானா இது? பெல்ட்ட நிறுத்தியே பழகிட்ட பய" என்று மைதானத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னார். யாரோ கைதட்டினார்கள்.

எலக்ட்ரீஷியன் வந்து பிளக்கைப் பார்த்தார். நானும் உதவலாம் என்று ஓரடி முன்னால் வைத்தேன். அஞ்சலையம்மா குச்சியைக் குறுக்கே நீட்டினார்.

"நீங்க எதையும் தொடாதீங்க. கைய ரெண்டையும் பாக்கெட்ல உட்டுக்கினு அப்டியே ஓரமா நில்லுங்க."

நின்றேன். கால் மணி நேரத்தில் யானை மெதுவாக எழுந்தது. காது விரிந்தது, துதிக்கை நிமிர்ந்தது. ஆனால் வரிசையில் ஒரு பிள்ளைகூட இல்லை. உள்ளேயிருந்து வந்த பதினொன்றையும் பெற்றவர்கள் காதைப் பிடித்து இழுத்துப்போய்விட்டார்கள். மீதிப் பேர் செத்த யானைக்குள் போக மாட்டோம் என்று அம்மாக்களின் புடவைக்குள் ஒளிந்துகொண்டார்கள். ராட்டினத்திலிருந்து இறங்கி வந்திருந்த யாழினியின் பக்கம் குனிந்தேன்.

"வேணாம்ப்பா. பயமா இருக்கு. வீட்டுக்குப் போலாம்" என்றாள்.

அதைக் கேட்டபோது என்னவோ போல் ஆகிவிட்டது. மூன்று வாரம் நான் வராமல் கெடுத்தேன். நான்காவது வாரம் வந்து கெடுத்துவிட்டேன்.

"பெரியவங்க யாருனா ஒருத்தர் உள்ள பூந்து வந்தாதான் புள்ளைங்களுக்குப் பயம் தெளியும்" என்றார் அஞ்சலையம்மா. யார் என்று சொல்லவில்லை, பார்த்தார். சுதாவும் பார்த்தாள். அண்ணாச்சி செல்போனை எடுத்து கேமராவைத் திறந்தார்.

ஷூவைக் கழற்றினேன். வலது சாக்ஸில் கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. (ஊரே பார்த்தது.) யானையின் வாயில் ஏறினேன். உள்ளே நல்ல புழுக்கம். ஆறு வயதுப் பிள்ளைகளுக்காகச் செய்த வயிறு, எனக்குக் குனியக்கூட இடமில்லை. கயிற்று ஏணியில் ஏறிச் சறுக்கு மேடையின் உச்சிக்குப் போனேன். உட்கார்ந்தால் தலை இடித்தது. அதனால் குப்புறப் படுத்து, தலை முன்னால் போகிற மாதிரி வைத்துக்கொண்டேன். எதையும் தொடாதீர்கள் என்று அந்த அம்மா சொன்னது காதிலேயே நின்றதால், இரண்டு கையையும் பேண்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு சறுக்கினேன்.

தலை வெளியே வந்தது. தோள் வந்தது. வயிறு வரவில்லை.

யானையின் வாலுக்குக் கீழே பாதி மனிதனாகத் தொங்கினேன். எதிரே எங்கள் பிளாக் முழுவதும் நின்றது.

"கைய எடுத்து ஊணுங்க சார்!" என்று அஞ்சலையம்மா கத்தினார்.

"பாக்கெட்ல மாட்டிக்கிச்சுங்க!"

"யாரு பாக்கெட்ல உடச் சொன்னது?"

"நீங்கதாங்க!"

யாழினி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். உதடு துடித்தது, அழப்போகிறாள் என்று நினைத்தேன். திடீரென்று சுதாவின் கையை உதறிவிட்டு ஓடினாள். யானையைச் சுற்றி, முன்பக்கம், வாய்க்கு. "அப்பா, இருங்க, வரேன்!" என்ற சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக யானையின் வயிற்றுக்குள்ளிருந்து கேட்டது. அப்புறம் என் உள்ளங்கால் இரண்டிலும் டம்மென்று ஓர் உதை விழுந்தது.

பாட்டில் மூடி கழன்ற மாதிரி வெளியே வந்து மெத்தையில் விழுந்தேன். என் முதுகின்மேல் வந்து யாழினி விழுந்தாள். எழுந்து, ஃபிராக்கைத் தட்டிவிட்டு, "அப்பா, இன்னொரு தடவை!" என்றாள்.

கண்ணீரோடு நின்ற கதிர் என்னையும் யானையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஆனை அப்பாவப் பெத்துடுச்சு" என்றான். பிள்ளைகள் எல்லாரும் சிரித்துக்கொண்டே வரிசைக்கு ஓடினார்கள். யாழினி அன்று இன்னும் ஐந்து முறை யானைக்குள் போனாள். அஞ்சலையம்மா அவளை மட்டும் வரிசை பார்க்காமல் விட்டார். நான் கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு ஐந்து முறையும் வால் பக்கம் நின்று பார்த்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அவமானப்பட்டதே இல்லை.

அண்ணாச்சி எடுத்த படம் அன்று மாலையே பிளாக் வாட்ஸாப் குழுவில் வந்துவிட்டது. யானை வாலுக்குக் கீழே என் தலை, "சுகப்பிரசவம்" என்று கீழே எழுத்து. இன்றைக்கும் ஷிப்ட் பஸ்ஸில் நான் ஏறினால், பிடித்துக்கொள்வதற்காக மேலே தொங்குகிற பட்டையை யாராவது ஒருவர் பார்த்துவிட்டு, "தம்பி, அத இழுத்துறாத" என்பார்.

யாழினிக்கு இப்போது பன்னிரண்டு வயது. வெளியே எங்கே கிளம்பினாலும் வாசலில் நின்று "அப்பா, கை" என்பாள், நான் பாக்கெட்டில் விட்டுக்கொள்வேன். எங்கள் வீட்டு ஆல்பத்தில் எந்தப் படத்தைப் பார்த்தாலும் நான் அப்படித்தான் இருப்பேன். போன மாதம் பண்ருட்டியில் சுதாவின் தம்பிக்குக் கல்யாணம். மேடையில் குடும்பத்தோடு நிற்கும்போது போட்டோகிராஃபர், "சார், மாப்பிள்ளை தோள்ல கையப் போடுங்க, பாக்கெட்லயே வச்சுக்கினு இருக்கீங்களே" என்றார். நானும் ஆசையாக வலது கையை வெளியே எடுத்தேன்.

பின்னாலிருந்து யாழினி போட்டோகிராஃபருக்குக் குரல் கொடுத்தாள். "அண்ணா, வேணாண்ணா. அங்க லைட் ஒயர் போகுது."

மாப்பிள்ளையே என் கையைப் பிடித்து மறுபடி பாக்கெட்டுக்குள் விட்டார்.